ஒரு எறும்புகூட இல்லாத படம்

தொண்டியார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்குக் கௌசர் அக்காவின் முகம் தெரிவதற்கு முன்பே அவருடைய எழுத்து தெரியும். டிவியின் அடிப்பக்கத்தில் மெதுவாக ஓடும் மஞ்சள் எழுத்து அது. ‘நாளை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் லாரி வரும்.’ ‘மரக்கடை இப்ராஹிம் மௌத்தாகிவிட்டார்கள். ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பிறகு எடுக்கப்படும்.’ ‘கறுப்பு வெள்ளைப் பெண் ஆடு காணவில்லை. வலது காதில் ஓட்டை இருக்கும்.’

அந்த ஆடு இரண்டு நாளில் கிடைத்தது. உரிமையாளர் மகிழ்ச்சியில் அதைக் கேபிள் ஆபீசுக்கே இழுத்து வந்து அக்காவிடம் காட்டினார். போகிற போக்கில் அது மேசைமேல் இருந்த பிறந்தநாள் வாழ்த்துச் சீட்டுகளைத் தின்றுவிட்டது. அன்று மாலை நாலு பிள்ளைகளுக்கு வாழ்த்து ஓடவில்லை. நாலு அம்மாக்களும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். “ஆடு துன்னுட்ச்சா? நல்லா கதை உட்றே” என்று ஒருத்தி கேட்டதை அக்கா இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக்காட்டுவார்.

மணிக்கூண்டுப் பக்கம் தமிழ் தட்டச்சு படித்துவிட்டு, இருபது வயதில் அத்தாவுல்லா பாயின் கேபிள் ஆபீசில் எழுத்து அடிக்கச் சேர்ந்தவர் அவர். மாடியில் மூன்று பெரிய குடை ஆண்டெனா, கீழே ஒரு சிறிய அறை, அதற்குள் சூடாக முனகிக்கொண்டிருக்கும் பெட்டிகள். எழுத்து அடிக்கிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்தில் தொலைபேசியை எடுப்பார். இப்படித்தான் அவருக்கு வேறொரு படிப்பு கிடைத்தது.

அப்போது படம் செம்புக் கம்பியில் போனது. தெருவுக்குத் தெரு கம்பத்தில் ஒரு ஆம்புப் பெட்டி இருக்கும். களைத்துப்போன சமிக்ஞையைத் தட்டி எழுப்பி அடுத்த தெருவுக்கு அனுப்புவது அதன் வேலை. படத்தோடு சேர்த்து அழுக்கையும் அது பெரிதாக்கும். கொருக்குப்பேட்டை ரயில்பாதையைத் தாண்டி வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினான்கு ஆம்பு. கடல் உப்பும் எண்ணூர்ப் புகையும் சேர்ந்து கம்பியின் முனைகளைப் பச்சையாக அரித்துவிடும். அதனால் போன் ஓயாது. ஆனால் யாரும் “சிக்னல் வீக்” என்று சொல்லமாட்டார்கள். படத்தில் புள்ளி புள்ளியாகப் பறந்தால் அது எறும்பு. ஒரே உருவம் இரண்டாகத் தெரிந்தால் நிழல். குறுக்கே பட்டை ஓடினால் கோரைப்பாய்.

“இன்னாம்மா, மூணாவது சேனல்ல ஒரே எறும்பு. கதாநாயகி மூஞ்சியே தெர்ல.”

“பெரிய எறும்பா, சின்ன எறும்பா?”

“கட்டெறும்பு.”

அந்த ஒரு சொல்லை வைத்தே எத்தனையாவது ஆம்பு செத்திருக்கிறது என்று அக்கா சொல்லிவிடுவார். லைன்மேன் ஏணியோடு போய்ப் பார்த்தால் அதே கம்பமாக இருக்கும். அத்தாவுல்லா பாய்க்கு அதில் ஒரு பெருமை. “நம்ம கௌசரு டிவி பாக்காமலே டிவி பாக்கும்” என்பார்.

2005இல் ஃபைபர் வந்தது. முடியளவு மெல்லிய கண்ணாடி இழை. ஆபீசில் ஒரு புதிய பெட்டி வைத்தார்கள். அது ரேடியோ அலையை வாங்கிக்கொண்டு லேசர் ஒளியாக்கி இழைக்குள் அனுப்பும். வியாசர்பாடி முனையில் நோடு என்று ஒரு பெட்டி. அது ஒளியை வாங்கி மறுபடியும் ரேடியோ அலையாக்கி வீட்டு டிவிகளுக்குக் கொடுக்கும். நடுவில் ஒரு ஆம்புகூடக் கிடையாது. முதல் நாள் மாலை பாய் வியாசர்பாடிக்குப் போன் போட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பீம்ராவ் எடுத்தார். அவர் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஊழியர், கால்பந்துக் கிளப்பின் செயலாளர். டிவியை நெருங்கிப் பார்த்துவிட்டு, “பாய், அந்த நியூஸ் பட்ச்சிகினு கீதே, அதுக்கு மூக்குத்தி கீது. இன்னிக்கித்தான் பாக்குறேன்” என்றார்.

இன்றைய இன்டர்நெட்டும் இழையில் ஒளியாகத்தான் போகிறது. ஆனால் அங்கே எல்லாவற்றையும் எண்ணாக்கி, ஒளியை எரித்து அணைத்து அனுப்புகிறார்கள். பழைய முறையில் எண் எதுவும் இல்லை. அலை ஏறினால் ஒளி கூடும், இறங்கினால் குறையும். பாய் இதை அக்காவுக்கு ஒரே வரியில் விளக்கினார்: “இன்டர்நெட்டு லைட்டு கண்ணடிக்கும். நம்ம லைட்டு மூச்சு வுடும்.”

இழை வந்தபிறகு அக்கா எழுத்தோடு நிற்கவில்லை. இரண்டு இழைகளை மின்பொறியில் உருக்கி ஒட்டும் கருவி வந்தபோது ஆண்களின் தடித்த விரல்களுக்கு அது படியவில்லை. பூத்தையல் போட்டுப் பழகிய அக்காவின் விரல்களுக்கு மூன்றே நாளில் படிந்தது. கறுப்புப் புர்காவில், முழங்கையில் ஹெல்மெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாயின் பழைய மொபெட்டில் அவர் போவார். விம்கோ நகரிலிருந்து கொருக்குப்பேட்டைவரை அவரைத் தெரியாத கம்பம் இல்லை என்று கேலி செய்வார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையிலிருந்த அவருடைய கணவர் இரவுச் சாப்பாட்டை ஆபீசுக்கே கொண்டுவந்த நாட்கள் உண்டு.

‘நம்ம சேனல்’ என்று மக்கள் கூப்பிட்ட உள்ளூர் சேனலின் நல்ல காலம் அது. கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டுவிழா, ரமலான் பயான், பங்குனி உத்திரத் தேர், மாதா கோயில் கொடியேற்றம் என்று எல்லாம் வரும். ஏப்ரல் பதினான்கை ஒட்டி வியாசர்பாடியில் நடக்கும் கால்பந்துப் போட்டி நேரடியாக வரும். அந்த நாட்களில் மாலையில் தெருவில் நடந்தால் ஒரு வாக்கியம்கூட விட்டுப்போகாது. ஒரு வீட்டு ஜன்னலில் தொடங்கியது அடுத்த வீட்டு ஜன்னலில் முடியும்.

பிறகு வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி வந்தது. அதன்பிறகு கைக்குக் கை போன் வந்தது. அத்தாவுல்லா பாய் காலமானார். அந்த அறிவிப்பையும் அக்காதான் அடித்தார். மகன் தௌசீஃப் ஆபீசை இன்டர்நெட் கம்பெனியாக்கினான். பையன் கெட்டவன் இல்லை. சின்ன வயதில் அக்காவின் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன்தான். அக்காவுக்கும் புதிய வேலை கொடுத்தான். ஒவ்வோர் இழையாக இன்டர்நெட்டுக்குப் போயிற்று. கடைசியில் ‘நம்ம சேனல்’ வியாசர்பாடியின் நாலு போர்டு பிளாக்குகளில் மட்டும் பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. செட்டாப் பெட்டி வேண்டாம். டிவியின் பின்னால் கேபிளைச் சொருகினால் போதும், படம் வரும்.

இந்த வருடம் ஏப்ரலில் தௌசீஃப் அந்த இழையையும் கேட்டான்.

“அக்கா, கோச்சிக்காத. அந்த ஒரு இழை கெட்ச்சா நூறு வூட்டுக்கு நெட்டு குடுப்பேன். நீ அதுல இன்னா வுடுற? நாலு பிளாக்குக்கு ஒரு சேனலு.”

“நாலு பிளாக்குல ஆளு கீறாங்கல்ல?”

“கீறாங்க. டிவி பாக்குறாங்களா? அத்த சொல்லு.”

“ஞாயித்துக்கெழமை பைனலு. காட்டிட்டு வந்து சொல்றேன்.”

தௌசீஃப் கொஞ்சம் யோசித்தான். “சரி. படம் சுத்தமா போவணும். எனுக்கு ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் திங்கக்கெழமை இழை என்னுது. வர்லன்னா உன்னுது. நான் தொடமாட்டேன்.”

இதில் அக்காவின் வேலை போகாது. வருமானமும் குறையாது. போவது அந்தச் சேனல் மட்டும்தான். ஆனால் அன்று மாலை அக்கா எங்கள் வீட்டில் தேநீரை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். “நெட்டுல என் வேல வேற ஆளு செய்யும்மா. அந்தச் சேனலு நான் வுட்டா அவ்ளோதான்” என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. முந்தைய வருடங்களில் மைதானத்துக் கேமராவின் படம் வேறோர் இழையில் ஆபீசுக்கு வரும். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் பயணம் செய்து பிளாக்குகளுக்குப் போகும். அந்த இழை ஏற்கெனவே நெட்டுக்குப் போய்விட்டது. அதனால் அக்கா லேசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமையே மைதானத்துக்குப் போனார். பிளாக்குகளுக்குப் போகும் இழை மைதானத்துச் சுவரை ஒட்டித்தான் போகிறது. அங்கேயே பிரித்து, கிளப் அறையில் பெட்டியை வைத்து இணைத்தார். கல்யாண வீடியோ எடுக்கும் ஜேக்கப் கேமராவோடு வந்திருந்தார். காலி மைதானத்தையும் கோல் கம்பத்தில் கட்டிய இரண்டு மாடுகளையும் படம் பிடித்து அனுப்பினார்கள்.

பார்த்துச் சொல்ல வேண்டியவர் பூவம்மா. முதல் பிளாக்கில் மூன்றாம் மாடி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி அறுவைக்குப் பிறகு படி இறங்க முடியாது. அவர் மகன் செங்குட்டுவன் இந்த பைனலில் வியாசர்பாடி அணியின் கோல்கீப்பர். எட்டு வயதிலிருந்து அவன் ஆடுவதை மைதானத்துக் கயிற்றில் சாய்ந்துகொண்டு பார்த்தவருக்கு இந்த வருடம் டிவிதான் வழி.

“பூவக்கா, படம் எப்டி கீது?” என்று அக்கா போனில் கேட்டார்.

“வந்துச்சு. ஆனா கலீஜா கீது. மாடு கண்ணாடில தண்ணி ஊத்தினாப்பல வளையுது. கறுத்துப் போவுது. டிவி உறுமுது.”

இருபத்தாறு வருடத்துப் பழக்கம் அக்காவை ஒரே திசையில்தான் தள்ளியது. படம் கெட்டால் ஒளி போதவில்லை என்று அர்த்தம். இந்தப் பக்கத்தில் வேறெதுவும் அவர் கண்டதில்லை. உப்பு, கரி, எலி, மண் தோண்டும் இயந்திரம் எல்லாமே ஒளியைத் திருடத்தான் செய்யும். எதுவும் அதிகமாகக் கொடுத்ததாக வரலாறு இல்லை. வெள்ளி முழுவதும் அவர் இழையின் முனைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பழைய இணைப்புகள் இரண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். லேசர் பெட்டியின் திருகை முழுதாகத் திருப்பி ஒளியைக் கூட்டினார்.

“இப்ப?”

“மாடே தெர்ல. டிவி அய்யோ அய்யோன்னு கத்துது. எதிர்வூட்டுக்காரி ஓடியாந்து இன்னா ஆச்சுன்றா.”

சனிக்கிழமை காலை மீதி இணைப்பையும் புதிதாக்கினார். படம் இன்னும் மோசமானது. ஒவ்வொன்றும் சுத்தமாக ஆக ஆகப் படம் நாசமாகிக்கொண்டு வந்தது. பதினொரு மணிக்குத் தௌசீஃப் ஒளி அளக்கும் மீட்டரோடு வந்தான். பிளாக்கின் மாடிப்படியிலிருந்த நோடு பெட்டியைத் திறந்து இழையை மீட்டரில் சொருகினான்.

“அக்கா, இன்னா இது? லைட்டு சூப்பரா கீது. நெட்டுல இவ்ளோ லைட்டு நான் பாத்ததே இல்ல. இழை மேல தப்பு இல்ல. உன் பெட்டி பூட்ச்சு.” அதைச் சொல்லும்போது அவன் குரலில் வெற்றி இல்லை. “பாவம், வயசாயிடுச்சு அதுக்கு. வுட்டுடு.”

அக்கா நோடு பெட்டியின் மூடியை மூடினார். அவன் போனபிறகு மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய்ப் பூவம்மாவின் வீட்டுத் தரையில் உட்கார்ந்தார். துணைக்குப் போயிருந்த நானும் வாசலிலேயே உட்கார்ந்தேன். பீம்ராவ் கோல் கணக்கு எழுதும் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு நின்றிருந்தார். டிவியில் கறுப்பாக ஏதோ நெளிந்தது.

“பசங்க வந்து நாளைக்கு இட்டுகினு போறேன்றாங்க” என்றார் பூவம்மா. “நாற்காலில தூக்கிகினு. எனுக்கு வாணாம். கல்யாணப் பொண்ணாட்டம் தூக்கிகினு போனா அவன் கோலையா பாப்பான்? என்னத்தான் பாப்பான்.”

“நான் காட்டறேன்னு சொன்னேனே பூவக்கா.”

“சொன்னே. உன்ன நான் ஒண்ணும் சொல்லலியே. ஆனா ஒண்ணு, இது பழைய பேஜாரு இல்லடி. பழசு எனுக்குத் தெரியாதா? இதுல ஒரு எறும்புகூட இல்ல பாரு.”

அக்கா தலையைத் தூக்கினார்.

“இன்னா சொன்னே?”

“எறும்பு இல்லன்னேன். கறுப்பாத்தான் கீது, ஆனா சுத்தமான கறுப்பு.”

அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். உண்மைதான். ஒரு புள்ளிகூடப் பறக்கவில்லை. ஒளி குறைந்தால் எறும்பு வரும். எறும்பே இல்லையென்றால் ஒளி குறையவில்லை. தௌசீஃப்பின் மீட்டரும் அதைத்தான் சொன்னது. அவனுக்கு அது நல்ல செய்தி. கண்ணடிக்கும் ஒளிக்கு அது நல்ல செய்திதான். மூச்சுவிடும் ஒளிக்கு இல்லை. ஆறு கிலோமீட்டரில் இளைத்துப்போய் வரும் ஒளிக்கென்று பழக்கப்பட்ட நோடு அது. மைதானத்திலிருந்து அறுநூறு மீட்டரில் கொழுத்த ஒளி வந்து மோதியதும் அதற்கு மூச்சு முட்டிவிட்டது. போதாக்குறைக்கு இரண்டு நாளாக அதன் வாயில் இன்னும் இன்னும் ஊட்டியவர் அக்காதான்.

“யா அல்லா” என்று அவர் சிரித்துவிட்டார். “நான் ஒரு லூசு. பீம்ராவ் அண்ணே, அந்தப் பென்சில குடு.”

முதலில் லேசர் பெட்டியின் திருகைக் குறைக்கச் சொல்லி ஜேக்கப்புக்குப் போன் போட்டார். கடைசிவரை குறைத்தும் போதவில்லை. மாடிப்படிக்கு இறங்கி வந்து நோடு பெட்டியைத் திறந்தார். உள்ளே சுருட்டி வைத்திருந்த மெல்லிய இழையை எடுத்து, பென்சிலைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினார். இழையை இறுக்கி வளைத்தால் ஒளியில் கொஞ்சம் வளைவில் கசிந்து வெளியேறிவிடும். ஊர் முழுக்க அப்படி வளைந்த இழைகளை நிமிர்த்துவதே அவர் தொழிலாக இருந்தது. வேண்டுமென்றே ஒன்றை வளைப்பது அதுதான் முதல்முறை.

“பூவக்கா! இப்ப?”

மேலிருந்து குரல் இறங்கியது. “உறுமல் கொறஞ்சிக்கீது!”

“இப்ப?”

“ஒரு மாடு தெரியுது!”

இரண்டாம் மாடிக் கதவுகள் திறந்தன. ஒரு பெண் கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, ஆண்டெனா திருப்புறாப்பல கத்திகினு கீறீங்க” என்றாள். பீம்ராவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நடுப்படியில் நின்றுகொண்டு மேலே கேட்டதைக் கீழேயும், கீழே கேட்டதை மேலேயும் கத்தினார். இரண்டு பேருக்கும் எல்லாம் நேரடியாகவே கேட்டது என்பது வேறு விஷயம். ஒரு காலத்தில் மொட்டைமாடிக்கு ஒருவர், ஜன்னலுக்கு ஒருவர், டிவி முன்னால் ஒருவர் என்று வீடே நின்று கத்திய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அங்கிருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது சுற்று. ஆறாவது சுற்று.

“நிறுத்து நிறுத்து! அங்கியே வுடு, கை எடுக்காத! கொம்புல பூசின பெயின்ட் தெரியுது!”

ஏழாவது சுற்றுக்கு இரண்டு எறும்பு வந்தது. அக்கா அதைப் பிரித்து ஆறிலேயே வைத்து, பென்சிலோடு சேர்த்து டேப் ஒட்டி மூடினார்.

ஞாயிறு நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வியாசர்பாடிக்கு எதிராக ராயபுரம் அணி. கிளப் அறையில் பெட்டிக்குப் பக்கத்தில் பீம்ராவ் ஒரு விசிறியோடு உட்கார்ந்தார். வாசலில் அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதல் பாதி முடிந்தது. கோல் இல்லை. போனும் அடிக்கவில்லை. முன்பெல்லாம் பைனல் அன்று பத்து நிமிடத்துக்கு ஒரு திட்டாவது வரும். அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை. படம் நன்றாக இருந்தாலும் போன் அடிக்காது. யாருமே பார்க்கவில்லை என்றாலும் அடிக்காது. எது என்று எப்படித் தெரியும்? இரண்டாம் பாதி தொடங்கியதும் அவர் பெட்டியைப் பீம்ராவிடம் விட்டுவிட்டுப் பிளாக்கை நோக்கி நடந்தார்.

முதல் மாடிப் படியில் ஏறும்போது போன் அடித்தது. தௌசீஃப். ஆபீசில் உட்கார்ந்திருந்தான். யாரோ மைதானத்திலிருந்து நெட்டில் போட்டுக்கொண்டிருந்ததை இன்னொரு போனில் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

“அக்கா, ஒரு கம்ப்ளைன்ட்டும் வர்ல. பேச்சு பேச்சுதான், நீ ஜெய்ச்சிட்டே. ஆனா மனசத் தொட்டுச் சொல்லு. பாக்க ஆளு இருந்தாத்தானே கம்ப்ளைன்ட் வரும்? வெறும் பிளாக்குக்கு...”

அப்போது கட்டடம் கத்தியது.

மைதானத்திலிருந்து எழுந்த இரைச்சலும் கதவுகளுக்குப் பின்னாலிருந்து வந்த இரைச்சலும் ஒன்றாக வந்தன. எது முந்தி என்று சொல்ல முடியவில்லை. மேலே, கீழே, பக்கத்து பிளாக்கில், அதற்கடுத்ததில் ஒரே நொடியில் தட்டு விழுந்தது, விசில் பறந்தது, யாரோ சுவரை அடித்தார்கள்.

“இன்னா சத்தம் அது? அக்கா! இன்னா ஆச்சு? எதுனா இடிஞ்சிடுச்சா?”

“இரு” என்றார் அக்கா. “நெட்டுல ஒனுக்கு இனிமேத்தான் வரும்.”

அவர் படியில் நின்றபடியே காத்திருந்தார். அரை நிமிடம் ஆயிற்று. தௌசீஃப்பின் மூச்சுமட்டும் கேட்டது. பிறகு அவனுடைய இன்னொரு போனிலிருந்து சின்னதாக ஓர் ஆரவாரம் வந்தது. “பெனால்ட்டி!” என்று அவன் தன்னை மறந்து கத்தினான். “அக்கா, செங்குட்டு பிட்ச்சிட்டான்! பெனால்ட்டிய பிட்ச்சிட்டான்!”

“தெரியும்.”

இரண்டாம் மாடியில் ஒரு வாலிபன் போனோடு அப்போதுதான் வெளியே ஓடிவந்து அதையே கத்தினான். “போடா, பழைய நியூசு” என்று உள்ளிருந்து யாரோ சொன்னார்கள். ஒரு வீடு முழுக்கச் சிரித்தது. அதுவும் போனில் தௌசீஃப்புக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“எத்தினி வூடுக்கா இருக்கும்?” என்று கேட்டான்.

“எண்ணலப்பா. எல்லாக் கதவாண்டயும் செருப்பு கீது.”

“சரி. அந்த இழைய நான் தொடல. நெட்டுக்கு ரயில்வே லைன் பக்கமா வேற இழுத்துக்குறேன்.” பிறகு, “அங்க எனுக்கு இடம் கீதா? இன்னும் இருவது நிமிசம் கீதே” என்றான்.

“வா. செருப்ப வெளிய வுடு.”

மூன்றாம் மாடியில் பூவம்மா கட்டிலின் விளிம்புக்கு வந்திருந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்க நேரமில்லை. பந்து மறுபடியும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அறையில் பதினைந்து பேராவது இருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் நெருக்கியடித்து ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்து, பழக்கத்தில் முதலில் திரையின் நாலு மூலைகளையும் பார்த்தார். பிறகு நடுவில் பார்த்தார்.

“பூவக்கா, நம்ம டீமு எந்தக் கலரு?”

“அடிப்பாவி! இத்தினி வருசமா நீதானடி போட்டுக் காட்டறே. கலரு தெரியாதா?”

“நான் எங்க ஆட்டத்தப் பாத்தேன்? படத்தத்தான் பாத்துகினு இருந்தேன்.”

“நீலம்” என்றார் பூவம்மா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். “நீலம் நம்மது. பேசாம பாரு.”